மேல் தாடை

இருபத்தொரு ஆண்டுகள்
ரூஸே நகரத்தின் வாய்களுக்குள் இருந்தேன்,
முகங்களைப் பார்க்காமல்.

என்னிடம் வந்ததெல்லாம் அச்சுகள்தான்.
இளஞ்சிவப்புப் பசையில் பதிந்த ஈறுகள்,
ஒரு துண்டுக் காகிதம், ஒரு பெயர், ஒரு நிற எண்.
ஏ-மூன்று என்றால் காப்பியும் சிகரெட்டும்.
ஏ-மூன்றரை என்றால் கூடவே கணவனும்.
அப்படியொரு பகடி எங்கள் பட்டறையில்.

மெழுகைச் சூடாக்கி, பல்லை நட்டு,
கடைவாயில் அரை நூல் சுரண்டி,
பொட்டலம் கட்டி அனுப்பினால்
சனிக்கிழமைச் சந்தையில் யாரோ ஆப்பிள் கடிப்பார்கள்.
யாரென்று தெரியாது.
நல்ல வேலை என்றால் எவர் கண்ணிலும் படாத வேலை.
அதில் நான் கெட்டிக்காரி.

நாற்பத்தாறாம் வயதில் விட்டேன்.
காரணம் கேட்காதீர்கள், பலமுறை சொல்லி
ஒவ்வொரு முறையும் வேறாகிவிட்டது.
ப்ளாமென் எரிவாயு ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டான்.
"மூன்று குளிர்காலம் தாங்கும்."
வேண்டாம் என்று சொல்லவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பாத்திரம் கழுவப் போனான்.

வரி அலுவலகத்தில், தொழில் என்ற கட்டத்தில்
உருவப்படம் வரைபவர் என்று எழுதினேன்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்தவளின் பட்டியலில் அது இல்லை.
"பாஸ்போர்ட் போட்டோவா?"
"அதைவிட மெதுவாக."
யொர்டாங்கா மினேவா, இதர சேவைகள்
என்று முத்திரை குத்தினாள்.

செவ்வாய் மாலை வகுப்பில்
பத்தொன்பது வயதுகளுக்கு நடுவே
நான் வரைந்த முதல் தலை
வாயிலிருந்து தொடங்கியது. பழக்கம்.
பதினான்கு பற்களும் அதனதன் இடத்தில்,
மூடிய உதட்டுக்குப் பின்னால்.
கண்களுக்குத்தான் இடமில்லை,
தாளின் மேல்விளிம்பில் முட்டிக்கொண்டன.

பிறகு அஸ்பாருஹ் வந்தார்.
டான்யூபில் நாற்பது ஆண்டு இழுவைப்படகு ஓட்டியவர்,
முன்பணம் தந்த முதல் ஆள்.
பேரன் வீட்டு மாடிப்படிச் சுவருக்குப் படம் வேண்டுமாம்.
நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இடப்பக்க வெட்டுப்பல் ஒரு மயிரிழை திரும்பி நின்றது.
அதைத் திருப்பியவள் நான்.
பதினோரு ஆண்டுக்கு முன், ஒரு பிப்ரவரியில்,
காரணமில்லாமல்,
எல்லாம் நேராக இருந்தது பிடிக்காமல்.

அவரிடம் சொல்லவில்லை.
மூன்று அமர்வுகள். வரைகிறேன், சுரண்டுகிறேன்.
சுரண்டும் கை மட்டும் பழைய கை.
படம் அழகாக வந்தது, அதுதான் கோளாறு.
யாரோ ஆப்பிள் கடிக்கும் முகம்.
ஆளைக் காணோம்.

நாலாம் முறை வெளியே மூடுபனி.
ருமேனியக் கரை இருக்கிறதா இல்லையா
என்று தெரியாத காலை.
"வலிக்கிறது, எடுத்துவிடட்டுமா?" என்றார்,
என் பதிலுக்குக் காத்திராமல் கழற்றி
தூரிகைக் குவளைக்குப் பக்கத்திலிருந்த
கோப்பையில் போட்டார்.
அது என்னுடைய தேநீர்.

கன்னங்கள் உள்ளே போயின, நீர் வடிந்த துறைபோல்.
மூக்கு இறங்கியது. தாடை ஏறியது.
இரண்டும் ஏதோ ரகசியம் பேச நெருங்கின.
இத்தனையையும் மறைத்துவைத்தவள் நான்தானா.
அவ்வளவு நன்றாகவா வேலை செய்தேன்.

"இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.
தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.
எங்கள் ஊரில் அதற்கு ஆம் என்று பொருள்,
வெளியூர்க்காரர்கள் கடை வாசலில் திரும்பிப் போய்விடுவார்கள்.

நெற்றியிலிருந்து தொடங்கினேன்.
வாய்க்கு வந்து சேர மதியமானது.
அங்கே ஒரு கருமை வேண்டியிருந்தது. கறுப்பு இல்லை,
பழுப்பும் நீலமும் கலந்து
பட்டறையில் எண்ணே இல்லாத நிறம்.
கலக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் தூங்கிப்போனார்.

பேரன் படத்தை வாங்கிக்கொண்டானா என்று கேட்கிறீர்கள்.
பாதிப் பணம் வந்தது.
மீதிக்கு ஒரு வாளி கெண்டை மீன்.
ப்ளாமென் ரசீதின் பின்பக்கம்
அதையும் எழுதிக்கொண்டான்.